வரி பூச்சியம், மிளகு மட்டும் துறைமுகத்தில்

கேள்வி: கொழும்பு பழைய சோனகத் தெருவில் மிளகு வியாபாரம் செய்கிறேன். மாத்தளைப் பக்கம் வாங்கி, காயவைத்து, சலித்து, முதன்முறையாக ஒரு கொன்டெய்னர் தூத்துக்குடிக்கு அனுப்பினேன். இந்திய-இலங்கை ஒப்பந்தப்படி வரி இல்லை என்ற நம்பிக்கையில்தான் இறங்கினேன். ஆனால் மிளகு இலங்கையில் விளைந்ததற்கு ஆதாரம் கேட்டு அங்கே சுங்கத்தில் மறித்துவிட்டார்கள். இதற்கிடையில் விலையும் இறங்கிவிட்டது. அடுத்த லோட் கிலோ 480 இந்திய ரூபாய் அளவில்தான் வரும். வாங்குபவர் இன்வொய்ஸில் 500க்கு மேல் போடச் சொல்கிறார். போடலாமா?

பதில்: போடாதீர்கள். அவர் ஏன் கேட்கிறார் என்பதை முதலில் சொல்கிறேன்.

1998 டிசம்பரில் கைச்சாத்தாகி 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த அந்த ஒப்பந்தம் குறைத்தது வரியை மட்டும்தான். மற்றக் கதவுகளின் சாவி இந்தியாவிடமே இருக்கிறது. 2017 டிசம்பரில் மிளகுக்குக் குறைந்தபட்ச இறக்குமதி விலையாகக் கிலோவுக்கு 500 இந்திய ரூபாயை அறிவித்தார்கள். காப்புறுதியும் கப்பல் கூலியும் சேர்ந்த விலை அது. அடுத்த வருடமே, அதற்குக் குறைந்த மிளகை இறக்குவதற்குத் தடையே போட்டார்கள். வரி பூச்சியமாக இருந்து என்ன, 480க்கு உள்ளே விடமாட்டார்கள். சந்தை விலை மேலே நிற்கும்போது இந்த வேலி யார் கண்ணிலும் படாது. இறங்கும்போதுதான் காலில் குத்தும்.

சரி, 480ஐ 500 என்று எழுதினால்? 12 டொன் சரக்கில் 240,000 இந்திய ரூபாய் வித்தியாசம். அது வங்கி வழியாக உங்களிடம் வரும். வாங்குபவர் அதைத் திருப்பிக் கேட்பார். எப்படிக் கொடுப்பீர்கள்? வங்கிக்கு வெளியே கள்ளமாகப் பணம் மாற்றும் உண்டியலில்தான். அத்தோடு இரண்டு நாட்டுச் சட்டத்திலும் மாட்டினீர்கள். உண்மையாகவே 500க்கு மேல் விற்க முடிந்தாலும் 501 என்று ஒட்டிக்கொண்டு நிற்காதீர்கள். நீங்கள் டொலரில் எழுதியதை, அங்கே இறக்குமதிப் பத்திரம் தாக்கல் செய்யும் நாளின் சுங்க மாற்று வீதத்தில்தான் ரூபாயாக்குவார்கள். இந்திய ரூபாய் கொஞ்சம் பலமடைந்தாலே 499க்கு வந்துவிடும்.

இனி, மாட்டிக்கிடக்கும் கொன்டெய்னர். கோபப்பட்டுப் பயனில்லை. வியட்நாம் மிளகு கொழும்பைத் தொட்டுவிட்டு இலங்கைச் சான்றோடு வருகிறது என்பது கேரள, குடகு விவசாயிகளின் பழைய முறைப்பாடு. அது முழுப் பொய் என்று சொல்லவும் நமக்கு வாயில்லை. 2020 செப்டெம்பரில் வந்த இந்திய விதிகளின்படி வர்த்தகத் திணைக்களத்தின் உற்பத்தி நாட்டுச் சான்று மட்டும் போதாது; பொருள் எங்கே, எப்படி விளைந்தது என்ற விபரம் இறக்குமதியாளர் கையிலும் இருக்கவேண்டும். சுங்கம் கேட்டால் அவருக்குப் பத்து வேலை நாள்தான் அவகாசம். ஆகவே இன்றே அனுப்பிவிடுங்கள். விசாரணை கொழும்புக்கு எழுதிக் கேட்கும் அளவுக்கு இழுத்தால், வரி வித்தியாசத்துக்குப் பிணை கட்டித் தற்காலிகமாகச் சரக்கை எடுக்க வழியுண்டு. சாதாரண வரி நூற்றுக்கு 70 என்பதால் பிணை பெரிய தொகைதான். ஆனாலும் துறைமுகத்தில் கிடக்கும் நாளுக்கான தாமதக் கட்டணம் (டெமரேஜ்) ஏறுவதோடு ஒப்பிட்டுக் கணக்குப் பார்க்கச் சொல்லுங்கள்.

எதை அனுப்புவது? இங்கேதான் நம்மவர்கள் கோட்டை விடுகிறார்கள். ஊரில் மிளகு சேர்ப்பவர் ஒரு சீ.ஆர். கொப்பியில் "பெரியவர் 14 கிலோ, பள்ளத்து வீடு 9" என்று எழுதி வைத்திருப்பார். அதைக் காட்டினால் எந்த அதிகாரியும் சிரிப்பார். விற்றவர் பெயர், கிராமம், திகதி, பச்சையா காய்ந்ததா, எடை, கையொப்பம் என்று பற்றுச்சீட்டாக மாற்றுங்கள். மூட்டை இலக்கம், லொறி ரசீது, களஞ்சியப் பதிவு எல்லாம் அதே எடையைச் சொல்லவேண்டும். காய்ந்தால் எடை குறையும். அந்தக் குறைவும் பதிவில் இருக்கட்டும். இருக்காவிட்டால் அதுவே அடுத்த கேள்வி.

இன்னொன்று: நம் மண்ணில் விளைந்த மிளகுக்கு, பெறுமதியில் 35 வீதம் உள்நாட்டில் சேர்ந்தது என்று காட்டும் கணக்கு தேவையில்லை, முழுதும் இங்கேயே பெறப்பட்ட பொருள் என்றே காட்டலாம். வெளிநாட்டு மிளகை வாங்கி இங்கே தூளாக்கி அனுப்ப யாராவது யோசனை சொன்னால் காதில் போடாதீர்கள். சுங்க வகைப்பாட்டில் முழு மிளகும் தூளும் ஒரே 0904 தலைப்புக்குள் வருகின்றன; தூளாக்கினாலும் தலைப்பு மாறாததால் அது இலங்கைப் பொருளாகாது.

வரியில்லாத கோட்டா வருடத்துக்கு 2,500 டொன்தான். லோட் ஏற்றுமுன் எவ்வளவு மிச்சம் என்று திணைக்களத்தில் கேளுங்கள். முடிந்திருந்தால் சாஃப்டா (தெற்காசிய சுதந்திர வர்த்தக ஒப்பந்தம்) சான்றோடு 8 வீத வரியில் போகலாம். அது வேறு படிவம், மாற்றி எடுத்துவிடாதீர்கள். பைட்டோ எனும் தாவர சுகாதாரச் சான்றும் ஆய்வுகூட மாதிரியும் வழக்கம்போல. ஈரத்தை மட்டும் 12 வீதத்துக்குக் கீழே வையுங்கள். கப்பலில் வியர்த்துப் பூஞ்சணம் பிடித்தால் எந்தச் சான்றும் காப்பாற்றாது.

480 ரூபாய்ச் சரக்கை என்ன செய்வது? அதில் பிஞ்சு மிளகு அதிகம் என்றால் மிளகிலிருந்து ஒலியோரெசின் எனும் காரச் சாறு எடுக்கும் கேரளத்துத் தொழிற்சாலைகளிடம் விசாரியுங்கள். நம் பிஞ்சு மிளகின் காரம் அவர்களுக்குப் பிடிக்கும். சாறெடுத்து மறு ஏற்றுமதி செய்யும் அலகுகளுக்கு அந்த 500 ரூபாய் நிபந்தனையிலிருந்து விலக்கும் உண்டு. விலக்கு வாங்குபவரின் பெயரில்தான் இருக்கும். அவருடைய அனுமதிப் பத்திரத்தின் பிரதியைக் கையில் வாங்காமல் மூட்டையைக் கட்டாதீர்கள்.