திருநெல்வேலியில் ஒரு கடுகு, குற்றாலத்தில் ஒரு கடுகு

கேள்வி: சார், இரண்டு கேலக்ஸிகள், அதாவது கோடானுகோடி நட்சத்திரங்கள் சேர்ந்த இரண்டு கூட்டங்கள், மோதும்போது புது நட்சத்திரங்கள் ஏராளமாகப் பிறக்கும் என்று படித்தேன். மோதினால் உடையத்தானே செய்யும்? பிறப்பு எங்கிருந்து வருகிறது?
– பிளஸ் டூ மாணவி, கல்லிடைக்குறிச்சி

பதில்: உன் கடிதத்தைப் படித்ததும் அடுப்படிக்குப் போய் அஞ்சறைப்பெட்டியைத் திறந்தேன், தாயி. கொஞ்சம் பெரிய கடுகாகப் பத்து பொறுக்கி, ஸ்கேல் ஓரமாக வரிசையாக அடுக்கினேன். 2 சென்டிமீட்டர் வந்தது. ஆக, ஒரு கடுகு 2 மில்லிமீட்டர். சூரியனை அந்தக் கடுகளவுக்குச் சுருக்கி நெல்லையப்பர் கோயில் வாசலில் வைத்துக்கொள். சூரியனுக்கு மிக நெருக்கத்தில் இருக்கும் நட்சத்திரம் ப்ராக்ஸிமா, 4.2 ஒளியாண்டுத் தொலைவு. ஒளி ஓர் ஆண்டில் ஓடுகிற தூரம்தான் ஓர் ஒளியாண்டு. அதை எங்கே வைக்க வேண்டும்? பேட்டை தாண்டி, ஆலங்குளம் தாண்டி, பாவூர்சத்திரம் தாண்டி, தென்காசியும் தாண்டிக் குற்றாலத்தில் பஸ் நிற்கும் இடத்தில். அதுவும் இதைவிடப் பொடிக் கடுகு. நடுவில் வேறு நட்சத்திரமே கிடையாது.

இதே மாதிரி கடுகு தூவிய இன்னொரு சீமை நம் சீமைக்குள் புகுந்து வந்தால், கடுகும் கடுகும் எங்கே போய் முட்டும்? கோடானுகோடி நட்சத்திரங்களும் படாமலே கடந்து போய்விடும்.

முட்டுவது வேறு. திருவிழாவில் இரண்டு சப்பரம் ஒரே தெருவில் எதிரெதிரே வருவதைப் பார்த்திருப்பாய். ஆட்கள் தோளைச் சாய்த்துக் கடந்துவிடுவார்கள். இரண்டு பக்கத்துச் சாம்பிராணிப் புகைக்கு அப்படி ஒதுங்கத் தெரியாது. தெரு நடுவில் மோதித் திரண்டு நிற்கும். கேலக்ஸிக்கும் அப்படி ஒரு புகை உண்டு. நட்சத்திரங்களுக்கு இடையில் பரவிக் கிடக்கிற ஹைட்ரஜன் வாயுவும் தூசியும்தான் அது. மற்ற நாளில் இந்த மேகங்கள் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கும். மோதலில் ஒன்றின் மேல் ஒன்று அழுந்தி நெரிபடும். ஓரத்தில் சுற்றிக்கொண்டிருந்த வாயுவும் வேகம் பறிபோய் நடுமையத்தை நோக்கிச் சரியும். நெருக்கம் ஓர் அளவைத் தாண்டினால், மேகம் தன் எடையைத் தானே தாங்க முடியாமல் உள்ளே நொறுங்கி விழும். அந்த நொறுங்கலில்தான் நட்சத்திரம் பிறக்கும். நாம் இருக்கிற கேலக்ஸியான பால்வெளியில் ஆண்டொன்றுக்கு ஒன்றிரண்டு சூரியன் எடைக்குத்தான் புது நட்சத்திரம் உருவாகிறது. ஆர்ப் 220 என்று ஒன்று இருக்கிறது, இரண்டு கேலக்ஸிகள் மோதிக் கிட்டத்தட்ட ஒன்றாகிவிட்ட இடம். அங்கே இதைப்போல் நூறு மடங்குக்கு மேல்.

எனக்கு ரொம்பப் பிடித்த ஜோடி ஆன்டெனா கேலக்ஸிகள். 1785-இல் வில்லியம் ஹெர்ஷல் கண்டுபிடித்தது, சுமார் 6.5 கோடி ஒளியாண்டுத் தொலைவு. நம் அஸ்த நட்சத்திரம் இருக்கிற காக மண்டலத்துப் பக்கம். ஹபிள் தொலைநோக்கி அதைப் படம் எடுத்தபோது, ஆயிரத்துக்கும் மேற்பட்ட இளம் நட்சத்திரக் கொத்துகள் நீலமாகத் தெரிந்தன. அந்த நீலத்தைக் கவனி. நீல நட்சத்திரங்கள் பெருத்தவை, எரிபொருளை வாரி இறைத்துச் சில பத்து லட்சம் ஆண்டுகளில் முடிந்துபோகிறவை. அவை இன்னும் எரிகின்றன என்றாலே பிறந்து நாளாகவில்லை என்று பொருள். ஆனால் மிக மும்முரமான பிரசவ அறை அந்தப் படத்தில் கறுப்பாகத்தான் தெரியும். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று படிகிற இடத்தில் தூசி அவ்வளவு அடர்த்தி. தூசியைத் தாண்டி வரக்கூடிய, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியில் பார்த்தால் அதே இடம் தகதகக்கிறது.

இதெல்லாம் எப்படித் தெரிந்தது என்று நீ கேட்கவில்லை, ஆனாலும் சொல்லாமல் விட மனசில்லை. 1941-இல், கணினி இல்லாத காலத்தில், சுவீடனில் எரிக் ஹோம்பெர்க் என்பவர் ஒரு கேலக்ஸிக்கு 37 பல்பு, இன்னொன்றுக்கு 37 பல்பு என்று பரப்பி வைத்தார். தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நாலில் ஒன்றாகும். ஈர்ப்பு விசையும் அப்படியே. ஆகவே ஒவ்வொரு பல்பு இருக்கும் இடத்திலும் விழுகிற வெளிச்சத்தை அளந்தார். அதுதான் அந்த இடத்து ஈர்ப்பு. அதன்படி பல்புகளைக் கொஞ்சம் நகர்த்தி, மறுபடி அளந்து, மறுபடி நகர்த்தி... கடைசியில் கேலக்ஸியிலிருந்து கை நீள்வது அவர் மேசையிலேயே தெரிந்தது. 1972-இல் டூம்ரே சகோதரர்கள் இதே மாதிரிக் கணக்கைக் கணினியில் போட்டு, ஆன்டெனா ஜோடியிலிருந்து வெளியே நீளுகிற இரண்டு நீண்ட வால்களையே வரவழைத்துக் காட்டினார்கள். எனக்கென்னவோ அந்த 74 பல்பின் மேல்தான் மரியாதை அதிகம்.

இந்தக் கொண்டாட்டம் நீடிக்காது. விதைநெல்லையும் குத்திப் பொங்கிய வீடு மாதிரி, இருந்த வாயு தீர்ந்து, வெடிக்கும் நட்சத்திரங்கள் மிச்சத்தையும் வெளியே ஊதித் தள்ள, அப்புறம் அந்த கேலக்ஸியில் பெரிதாகப் பிறப்பு இருக்காது. மிஞ்சுவது சிவந்த முதிய நட்சத்திரங்கள்தான்.

கேள்வி: எல்லா மோதலிலும் இப்படிப் பிறக்குமா?
– வாசகர், வள்ளியூர்

பதில்: பிறக்காது. வாயு வற்றிய இரண்டு கேலக்ஸிகள் மோதினால் நட்சத்திரங்கள் கலந்து பெரிய உருண்டையாகும், அவ்வளவுதான்.

கேள்வி: அண்ணாச்சி, ஆண்ட்ரோமெடா நம் பால்வெளி மேல் வந்து மோதப்போகுது என்று பேரன் ராத்திரி தூங்க மாட்டேன் என்கிறான். நிஜமா? அதை நம்ம தோட்டத்திலிருந்து பார்க்க முடியுமா?
– வாழை விவசாயி, களக்காடு

பதில்: ஆண்ட்ரோமெடா நம் பக்கத்துப் பெரிய கேலக்ஸி. அது நம்மை நோக்கி வருவது நிஜம், வினாடிக்குச் சுமார் 110 கிலோமீட்டர். ஆனால் இடைவெளி 25 லட்சம் ஒளியாண்டு. ஹபிள் அளவுகளை வைத்து 2012-இல், 400 கோடி ஆண்டு கழித்து மோதல் உறுதி என்றார்கள். 2025-இல் வந்த புதுக் கணக்கு, அடுத்த 1000 கோடி ஆண்டுக்குள் மோதுவதற்கும் மோதாமல் போவதற்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்கிறது. மோதினாலும் கடுகுக் கதைதான், பேரனுக்கு மேலே உள்ள பதிலை வாசித்துக் காட்டுங்கள். இன்னொன்றும் சொல்லுங்கள்: தனுசு குறுங்கேலக்ஸி என்ற சின்ன ஒன்றைப் பால்வெளி இப்போதே கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கிக்கொண்டிருக்கிறது. 1994-இல்தான் அதைக் கண்டுபிடித்தார்கள். அத்தனை காலமும் நாம் நிம்மதியாகத்தானே தூங்கினோம்?

ஆண்ட்ரோமெடாவைத் தோட்டத்திலிருந்தே தாராளமாகப் பார்க்கலாம். ஐப்பசி, கார்த்திகையில் மழை மறைக்கும். தை மாதம், நிலா இல்லாத இரவில் ஏழரை மணிக்குத் தோட்டத்து விளக்கை அணைத்துவிட்டு, கண் இருட்டுக்குப் பழகக் கால் மணி நேரம் கொடுங்கள். வடமேற்கில் பாதி உயரத்தில், ஊதிவிட்ட திருநீறு மாதிரி ஒரு மங்கல் திட்டு. வெறுங்கண்ணுக்கே தெரியும். பைனாகுலர் கிடைத்தால், வாழைக்கு முட்டுக் கொடுக்கிற கம்பில் சாய்த்து வைத்துக் காட்டுங்கள், பேரனுக்குக் கை ஆடாது.