தருபவர் ஒரு பக்கம், பெறுபவர் ஒரு பக்கம்: வாசகர் கேள்வி – பதில்

போன இதழில் தரவுத் தரம் பற்றி இரண்டு வரி எழுதப்போக, இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ‘டேட்டா காண்ட்ராக்ட்’ பற்றியே. டேட்டாவை உருவாக்கும் டீமும் அதைப் பயன்படுத்தும் டீமும் தங்களுக்குள் செய்துகொள்ளும் ஒப்பந்தம்தான் அது. ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: நான் ரிப்போர்ட் டீமில் இருக்கிறேன். ஆப் டெவலப்பர்கள் டேபிளில் எதையாவது மாற்றிவிடுகிறார்கள், எங்களிடம் சொல்வதே இல்லை. திங்கள்கிழமை காலை டாஷ்போர்டில் எண்கள் தப்பாக வந்தால் திட்டு வாங்குவது நான். டேட்டா காண்ட்ராக்ட் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார் புதிதாக வந்திருக்கும் ஆர்க்கிடெக்ட். நிஜமாகவா?

பாதி நிஜம். அந்த டேபிளை யார் யார் படிக்கிறார்கள் என்று அந்த டெவலப்பருக்குத் தெரியுமா? பெரும்பாலான இடங்களில் தெரியாது. ரிப்போர்ட் டீம் என்றைக்கோ ஒரு அனுமதி வாங்கி, அவருடைய டேட்டாபேஸில் நேராகக் கைவிட்டு எடுத்துக்கொண்டிருக்கும். அவரைப் பொறுத்தவரை அது தன் ஆப்பின் உள்விவகாரம். ஒரு ஃபீல்டின் (டேபிளின் ஒரு பத்தியின்) பெயரை மாற்றுவதற்கு அவர் ஏன் உங்களிடம் கேட்க வேண்டும்? கோபம் நியாயம்தான். ஆனால் அவர் மீறுவதற்கு இதுவரை பேச்சே நடக்கவில்லை.

அந்தப் பேச்சு எதைப் பற்றி இருக்க வேண்டும்? ஃபீல்டின் பெயர், அது எண்ணா எழுத்தா என்பதெல்லாம் சுலபமான பகுதி, கருவிகளே பார்த்துக்கொள்ளும். அர்த்தம்தான் கஷ்டம். ஓர் ஆர்டர் டேபிளை எடுத்துக்கொள்ளுங்கள். ‘தொகை’ என்று இருப்பது வரி சேர்த்தா, சேர்க்காமலா? தள்ளுபடி கழித்த பிறகா? ‘தேதி’ என்பது ஆர்டர் போட்ட நேரமா, பணம் வந்து சேர்ந்த நேரமா? யூடிசி என்ற உலகப் பொது நேரமா, உள்ளூர் நேரமா? ஆர்டர் ரத்தானால் அந்தப் பதிவே அழிந்துவிடுமா, இல்லை நிலை மட்டும் மாறி அங்கேயே இருக்குமா? கடைசிக் கேள்விக்குப் பதில் தெரியாமலே மாதாந்திர விற்பனைக் கணக்குப் போடும் டீம்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் ‘டெலிவரி தேதி’ என்று ஒரு ஃபீல்டு. கிடங்கு டீமுக்கு அது சரக்கு வண்டியில் ஏறிய நாள். வாடிக்கையாளர் சேவை டீமோ, பொருள் கைக்குப் போய்ச் சேர்ந்த நாள் என்று நினைத்துக்கொண்டிருந்தது. காலியான பதிவு ஒன்றுகூட இல்லை, கன்னாபின்னா தேதி ஒன்றும் இல்லை, எல்லாச் சோதனையும் பச்சை. தாமதம் பற்றிய ரிப்போர்ட் மட்டும் மாதாமாதம் கண்ணுக்கு அழகாக வந்தது. யாரும் சந்தேகப்படவில்லை, நல்ல செய்தியை யார் தோண்டிப் பார்ப்பார்கள்? கடைசியில் இரண்டு டீமையும் உட்காரவைத்து, தாமதம் என்று புகார் வந்த ஒரே ஓர் ஆர்டரைத் திரையில் போட்டு, “இந்தத் தேதியன்று என்ன நடந்தது, சொல்லுங்கள்” என்று கேட்டோம். இரண்டு பதில் வந்தது. அதற்கப்புறம் அந்த ஃபீல்டு இரண்டாகப் பிரிந்தது, ரிப்போர்ட்டும் அசிங்கமானது.

இதையே நீங்களும் செய்யலாம். உங்களுக்கு அதிகம் தலைவலி தரும் ஒரே ஒரு டேபிளை எடுங்கள். முதல் வரைவை நீங்களே எழுதுங்கள், அவர் எழுதட்டும் என்று காத்திருக்காதீர்கள். எந்தெந்த ஃபீல்டை நம்பி எந்த ரிப்போர்ட் ஓடுகிறது, ஒவ்வொன்றையும் நீங்கள் என்னவென்று புரிந்துவைத்திருக்கிறீர்கள், காலையில் எத்தனை மணிக்குள் வேண்டும், எதெது காலியாக இருக்கக் கூடாது. அதைக் கொண்டுபோய் டெவலப்பரிடம் காட்டினால், முதல் பத்து நிமிடத்திலேயே “ஐயோ, அந்த ஃபீல்டை நாங்கள் பயன்படுத்தியே ரொம்ப நாளாச்சே” என்று ஒன்று வரும். அதுவே பெரிய லாபம். அப்புறம் அவர் பக்கத்திலிருந்து இரண்டு விஷயம் எழுதி வாங்குங்கள்: மாற்றம் என்றால் எத்தனை நாள் முன்பு, எந்த வழியில் சொல்வார், தப்பு வந்தால் எந்த டீம் பொறுப்பு. தனி ஆளின் பெயரைப் போடாதீர்கள், அவர் வேலை மாறிப் போனதும் ஒப்பந்தம் அநாதையாகிவிடும்.

கேள்வி: நான் அந்தப் பக்கத்து ஆள், டெவலப்பர். ரிலீஸ் தேதி என் கழுத்தை நெரிக்கிறது. யாரோ போடும் ரிப்போர்ட்டுக்காக என் டேபிளை மாற்றக் கூடாது என்றால் எப்படி சார்?

மாற்றக் கூடாது என்று யார் சொன்னது? எதை மாற்றினால் யாரையும் கேட்க வேண்டாம் என்பதும் ஒப்பந்தத்தில்தான் இருக்கும். அது உங்களுக்குத்தான் சாதகம். இப்போது உங்கள் நிலைமை என்ன தெரியுமா? கூகுளில் வேலை பார்த்த ஹைரம் ரைட்டின் பெயரில் ஒரு விதி வழங்குகிறது: பயன்படுத்துபவர்கள் போதிய அளவு இருந்தால், நீங்கள் என்ன வாக்குக் கொடுத்தீர்கள் என்பது பொருட்டே இல்லை, வெளியே தெரிகிற ஒவ்வொரு நடத்தையையும் யாராவது ஒருவர் நம்பி உட்கார்ந்திருப்பார். பதிவுகள் தற்செயலாக எந்த வரிசையில் வருகின்றன என்பதைக்கூட.

அதனால் உங்கள் உள் டேபிளை யாருக்கும் நேராகக் காட்டாதீர்கள். வெளியே தருவதற்கென்று தனியாக ஒரு வியூ (டேபிளிலிருந்து வேண்டியதை மட்டும் காட்டும் ஜன்னல்), அல்லது நிகழ்வுகளைச் செய்தியாக அனுப்புகிறீர்கள் என்றால் அதற்கென்று ஒரு ஸ்கீமா (எந்தெந்த ஃபீல்டு, என்ன வகை என்ற வரையறை) வைத்துக்கொள்ளுங்கள். ஒப்பந்தம் அதற்கு மட்டும். உள்ளே நீங்கள் ராஜா.

வெளியே தருவதிலும் எல்லா மாற்றமும் ஒன்றல்ல. கட்டாயமில்லாத புது ஃபீல்டு ஒன்றைச் சேர்த்தால் பொதுவாக யாருக்கும் வலிக்காது. பெயரை மாற்றுவது, நீக்குவது, அலகை மாற்றுவது, நிலைகளின் பட்டியலில் புதிதாக ஒன்றை நுழைப்பது, இதெல்லாம் வலிக்கும். பட்டியல் விஷயத்தைத்தான் பலரும் லேசாக விடுகிறார்கள். நேற்றுவரை ‘முடிந்தது’, ‘ரத்து’ என்று இரண்டே நிலை. இன்று ‘பகுதி ரத்து’ என்று மூன்றாவது வந்தால், அந்தப் பக்கம் கணக்குப் போடுபவரின் இரண்டு கூடையிலும் அது விழாது, மொத்தத்திலிருந்தே காணாமல்போகும். இப்படிப்பட்ட மாற்றத்துக்குப் புது வெர்ஷன் போடுங்கள், பழையதையும் ஒப்புக்கொண்ட தேதிவரை ஓடவிடுங்கள். இரட்டை வேலைதான், மறுக்கவில்லை. தேதியை மட்டும் கறாராக வையுங்கள், இல்லாவிட்டால் பழையது சாகவே சாகாது.

கேள்வி: ஸ்கீமா சோதனை எல்லாம் தானாகவே ஓடுகிறது. ஆவணமும் எழுதி வைத்திருக்கிறோம். இதற்கு மேல் என்ன வேண்டும்?

மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். நாசா 1998 டிசம்பரில் ஏவிய விண்கலம், 1999 செப்டம்பர் 23 அன்று செவ்வாயை நெருங்கியபோது தொலைந்துபோனது. சிறு உந்துகளின் அளவை ஒரு மென்பொருள் பவுண்டு-விசை விநாடியில் கொடுத்தது. பாதையைக் கணக்கிட்டவர்கள் அதை மெட்ரிக் அலகான நியூட்டன் விநாடி என்று எடுத்துக்கொண்டார்கள். ஒன்றுக்கொன்று சுமார் 4.45 மடங்கு வித்தியாசம். சுமார் 226 கிலோமீட்டர் உயரத்தில் கடக்க வேண்டியது, 57 கிலோமீட்டர் அளவுக்கு இறங்கிவிட்டது.

அலகுகள் குழம்பியதை எல்லோரும் சொல்வார்கள். அதோடு இன்னும் இரண்டு விஷயம் உண்டு. மெட்ரிக் அலகில்தான் தர வேண்டும் என்று இரு தரப்புக்கும் இடையே எழுத்தில் இருந்தது. ஆவணம் இருந்தது, அதன்படி வருகிறதா என்று வரும் டேட்டாவை வைத்துப் பார்க்கும் சோதனை இல்லை. இரண்டாவது, கணக்கு ஒத்துவரவில்லையே என்று பாதை கணக்கிட்டவர்களுக்கு வழியிலேயே உறுத்தியது. ஆனால் அதை முறைப்படியான கோளாறு அறிக்கையாகப் பதியாமல் மின்னஞ்சலில் பேசிக்கொண்டிருந்தார்கள் என்று விசாரணையில் வந்தது.

ஆகவே உங்களுக்கு என் கேள்வி இரண்டு. எண் என்றால் எண்ணாக இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறீர்களா, இல்லை இந்த எண் இவ்வளவு பெரிதாக இருக்க முடியுமா, வேறொரு வழியில் வந்த கணக்கோடு பொருந்துகிறதா என்றும் பார்க்கிறீர்களா? பெறுபவருக்குச் சந்தேகம் வந்தால் அதைப் பதிய ஓர் இடமும், இத்தனை நாளில் பதில் என்ற ஏற்பாடும் இருக்கிறதா?

கேள்வி: இது சட்டப்படி செல்லுமா? வக்கீலிடம் காட்ட வேண்டுமா?

ஒரே நிறுவனத்துக்குள் என்றால் வேண்டாம். வெளியாளிடம் காசு கொடுத்து டேட்டா வாங்கினால் அது வேறு கதை, காட்டுங்கள்.

கேள்வி: ஒப்பந்தத்துக்கு ஒத்துவராத டேட்டா நடு இரவில் வந்தால், டேட்டாவைத் தானாகக் கொண்டுவந்து சேர்க்கும் பைப்லைனை நிறுத்திவிட வேண்டுமா, ஓடவிட வேண்டுமா?

அதையும் முன்கூட்டியே எழுதிவைப்பதுதான் வழி. தூக்கக் கலக்கத்தில் எடுக்கிற முடிவு இல்லை இது. பணப் பட்டுவாடா போன்ற விஷயம் என்றால் நிறுத்துங்கள். ஆயிரத்தில் இரண்டு பதிவு கெட்டிருக்கிறது என்றால் அவற்றை மட்டும் ஒதுக்கிவைத்து மீதியை விடுங்கள், ஒதுக்கியது எத்தனை என்று ரிப்போர்ட்டிலேயே காட்டுங்கள். சத்தமில்லாமல் விடுபடுவதைத்தான் எந்தக் காரணத்துக்கும் அனுமதிக்கக் கூடாது.

இங்கிலாந்தில் 2020-இல் அதுதான் நடந்தது. கொரோனா பரிசோதனை முடிவுகள் வந்த கோப்புகளை எக்செல்லின் பழைய எக்ஸ்எல்எஸ் வடிவத்துக்கு மாற்றினார்கள். அந்த வடிவத்தில் ஒரு தாளுக்கு 65,536 வரிசைக்கு மேல் இடம் இல்லை. மிஞ்சியது விழுந்துவிட்டது. செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரைக்குள் 15,841 பேரின் தொற்று அன்றாடக் கணக்கில் சேராமல் போனது. அவர்களோடு பழகியவர்களைத் தேடும் வேலையும் தாமதமானது. அனுப்புபவர் ‘இத்தனை பதிவு அனுப்பினேன்’ என்று ஒரு எண்ணைக் கூடவே அனுப்பி, பெறுபவர் எண்ணிப் பார்த்திருந்தால் முதல் நாளே பிடிபட்டிருக்கும். எந்த ஒப்பந்தத்திலும் நான் முதலில் எழுதச் சொல்லும் வரி இந்த எண்ணிக்கைதான். செலவே இல்லாத சோதனை.

கேள்வி: எந்த டூல் வாங்கலாம்?

இப்போதைக்கு எதுவும் வேண்டாம். கோட் இருக்கும் இடத்திலேயே ஒரு யாம்ல் கோப்பு (மனிதரும் கணினியும் படிக்கக்கூடிய எளிய எழுத்துக் கோப்பு) போதும். கோட் மாற்றத்தை எல்லோரும் பார்ப்பதுபோல் இதன் மாற்றத்தையும் பார்ப்பார்கள். வடிவம் வேண்டுமென்றால் பேபால் 2023-இல் பொதுவில் வெளியிட்ட மாதிரி ஒன்று இருக்கிறது. அதிலிருந்து வளர்ந்த திறந்த தரநிலையை லினக்ஸ் ஃபவுண்டேஷனின் கீழ் பிடோல் என்ற திட்டம் பார்த்துக்கொள்கிறது. அதில் உள்ள எல்லாக் கட்டத்தையும் நிரப்ப உட்காராதீர்கள். டேட்டாவை ரிப்போர்ட்டுக்கு ஏற்ற டேபிள்களாக (அதன் பேச்சில் ‘மாடல்’) மாற்றும் டிபிடி என்ற கருவியைப் பயன்படுத்துபவர்கள் என்றால் 1.5 பதிப்பிலிருந்து மாடலுக்கு ஒப்பந்தம் போடும் வசதி அதிலேயே உண்டு. ஃபீல்டும் வகையும் மாறினால் பிடித்துவிடும், அர்த்தம் மாறினால் பிடிக்காது.

கேள்வி: எங்கள் உயிரியல் ஆய்வுக்கூடத்தில் டேட்டா டீம் என்றெல்லாம் யாரும் இல்லை. எக்செல் தாளை நாலு பேர் மாற்றி மாற்றி நிரப்புகிறோம். எங்களுக்கும் இது பொருந்துமா?

உங்கள் துறை ஆட்கள்தான் இதில் நல்ல உதாரணமே காட்டியிருக்கிறார்கள். மார்ச்1, செப்ட்1 என்று மரபணுக்களுக்குப் பெயர் இருந்தது. எக்செல்லில் அடித்தால் அது தேதியாக மாற்றிவிடும், ஆய்வுக் கட்டுரைகளோடு வந்த தாள்களிலேயே அந்தத் தப்பு பரவிக்கிடந்தது. பல வருடம் ‘கவனமாக இருங்கள்’ என்று பயனர்களிடம் சொல்லிப் பார்த்தார்கள். கடைசியில் மனித மரபணுக்களுக்குப் பெயர் வைக்கும் குழு 2020-இல் பெயர்களையே மாற்றியதாக அறிவித்தது: மார்ச்1 இப்போது மார்ச்எஃப்1, செப்ட்1 இப்போது செப்டின்1. பயன்படுத்துபவர் எந்தக் கருவியை வைத்துக்கொண்டு திண்டாடுகிறார் என்று பார்த்துத் தருபவர் இறங்கிவந்தார். கௌரவம் பார்க்கவில்லை.

நாலு பேருக்கு ஒரு பக்கம் போதும். அந்தப் பக்கத்தைத் தனிக் கோப்பாக வைக்காமல், அதே எக்செல்லில் முதல் தாளாக வையுங்கள். தேதி 2024-04-03 என்ற வடிவில் மட்டும். 03/04 என்று எழுதினால் மார்ச்சா ஏப்ரலா என்று சண்டை வரும். சாம்பிள்களின் எண்கள் 0-வில் தொடங்கினால் அந்தப் பத்தியை எழுத்து வகையாக மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் 0047 வெறும் 47 ஆகிவிடும். அளக்கவில்லை என்றால் கட்டம் காலி, அளந்து பூஜ்யம் வந்தால் 0; இரண்டையும் குழப்பாதீர்கள். ஒவ்வொரு பத்தியின் தலைப்பிலும் அலகு. புதுப் பத்தி சேர்ப்பவர் முதல் தாளில் ஒரு வரி எழுதிவிட்டுத்தான் சேர்க்க வேண்டும். இதை இன்றைக்கே ஆரம்பிக்கலாம், யாருடைய அனுமதியும் தேவைப்படாது.