சி மொழியில் ஆப்ஸ்(-2.7) ஏன் 2 தருகிறது?

ஆப்ஸ் (abs) என்பது எண்ணின் குறியை நீக்கி அதன் தனிமதிப்பைத் தரும் செயற்கூறு. விடை 2.7 வரவேண்டும், 2 வருகிறது என்பது கேள்வி. கம்பைலரில் கோளாறில்லை. சி மொழியின் ஆப்ஸ் முழு எண்ணை மட்டுமே வாங்கும். -2.7 உள்ளே போகும்போதே தசமப் பகுதி வெட்டப்பட்டு -2 ஆகிவிடுகிறது. பிறகுதான் குறி நீங்குகிறது. தசம எண்ணுக்கு எஃப்ஆப்ஸ் என்று தனிச் செயற்கூறு உண்டு, அதற்கு கணிதத் தலைப்புக் கோப்பைச் சேர்க்க வேண்டும். பைத்தானில் இந்தத் தொல்லை இல்லை. அங்கே ஒரே ஆப்ஸ் எல்லாவற்றையும் கவனித்துக்கொள்ளும். 3+4ஜே என்ற கலப்பெண்ணைக் கொடுத்தால்கூட 5.0 என்று அதன் அளவைத் தரும்.

நீங்கள் கேட்காத, ஆனால் இதைவிட மோசமான பொறி ஒன்று இருக்கிறது. 32 பிட் முழு எண்ணின் எல்லை -2147483648 முதல் 2147483647 வரை. எதிர்ப்பக்கத்தில் ஓர் எண் கூடுதல். அந்தக் கடைசி எண்ணான -2147483648-இன் தனிமதிப்பை வைக்க இடமே கிடையாது. ஜாவாவின் மேத்.ஆப்ஸ் அதை அப்படியே எதிர்மறையாகத் திருப்பித் தரும், சத்தமே இல்லாமல்! சி மொழியில் என்ன நடக்கும் என்று மொழியின் விதியே வரையறுக்கவில்லை. ஹாஷ் மதிப்பின் (தரவிலிருந்து கணக்கிடப்படும் எண்ணின்) குறியை ஆப்ஸால் நீக்கி, மீதி கண்டு, அதையே அணியின் சுட்டெண்ணாகக் கொள்ளும் நிரல்கள் அபூர்வமாகச் சரிவது இதனால்தான். ஜாவாவில் அதற்கு, எதிர்ம எண்ணை நேர்ம எண்ணால் வகுத்தாலும் எதிர்மமாகாத மீதியைத் தரும் மேத்.ஃப்ளோர்மாட் போதும். பிழையை உடனே தெரிந்துகொள்ள விரும்பினால், ஜாவா 15 முதல் மேத்.ஆப்ஸ்எக்ஸாக்ட் இருக்கிறது, விடை அடங்காவிட்டால் அது விதிவிலக்கை (exception), அதாவது பிழை அறிவிப்பை, எழுப்பும்.