தாய்க்கு மகன் மொழிபெயர்ப்பாளனா? – உளநலக் கேள்வி பதில்

கொழும்பில் உளநல வைத்தியராகப் பணியாற்றும் நான், வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

வத்தளை வாசகர்: மனச்சோர்வுக்கு ஐந்து வாரமாகக் குளிசை எடுக்கிறேன். இப்போது சுகம். நிறுத்தலாமா?

வேண்டாம். இந்தக் குளிசைகளின் பலன் தெரியவே இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். சுகமான பிறகும் குறைந்தது ஆறு மாதமாவது தொடர வேண்டும். பிறகும் வைத்தியர் சொல்லும் அளவில் மெல்ல மெல்லத்தான் குறைக்க வேண்டும்.

கொட்டாஞ்சேனை வாசகி: கிளினிக் வைத்தியருக்குத் தமிழ் தெரியாது. அம்மா சொல்வதை 12 வயதுத் தம்பிதான் சிங்களத்தில் சொல்கிறான். நித்திரைக் குளிசை மட்டும் தருகிறார்கள். அம்மா இன்னும் அழுதுகொண்டே இருக்கிறார்.

தங்கையே, அடுத்த முறை தம்பியை வெளியே இருத்துங்கள். ‘செத்துவிடலாம் போல் இருக்கிறது’ என்று எந்தத் தாய் மகன் வாயால் சொல்ல வைப்பாள்? அதை விழுங்கிவிட்டு, ‘நித்திரை வரவில்லை’ என்று மட்டும் சொல்லியிருப்பார். அதற்கு மருந்தும் கிடைத்திருக்கிறது. நாம் ‘ஒரே யோசனையாக இருக்கிறது’ என்றால் கவலை அரிக்கிறது என்று பொருள். சிறுவன் அதை ‘அம்மா எதையோ யோசிக்கிறார்’ என்றுதான் சொல்வான். ‘நெஞ்சு அடைக்கிறது’ என்று சொன்னவர்கள் ஈ.சி.ஜி. எடுத்து, இதயத்தில் பழுதில்லை என்று வீட்டுக்குத் திரும்பியதைக் கண்டிருக்கிறேன். அந்தச் சோதனை தேவைதான். அதோடு முடிந்துவிடக் கூடாது.

தமிழ் தெரிந்த தாதியோ ஊழியரோ இருக்கிறார்களா என்று கிளினிக்கில் கேளுங்கள். இல்லையென்றால் அம்மா நம்பும் வயது வந்த ஒரு பெண்ணை அழைத்துச் செல்லுங்கள். அம்மா சொல்லும் வார்த்தைகளை அப்படியே ஒரு தாளில் எழுதி, சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ மாற்றிக் கையில் கொடுங்கள்.

தெஹிவளை வாசகர்: கொழும்புத் தமிழருக்குச் சிங்களம் தெரியாதா? மொழியைப் பெரிதாக்கி வைத்தியர்களைக் குறை சொல்கிறீர்கள்.

ஐயா, பஸ்ஸில் டிக்கெட் வாங்கவும் சந்தையில் விலை பேசவும் போதுமான சிங்களம் பலருக்கு உண்டு. கணவன் அடிப்பதையும், காதில் குரல் கேட்பதையும் அந்தச் சிங்களத்தில் சொல்ல முடியாது. இரத்தப் பரிசோதனைக்குப் பேச்சு தேவையில்லை. எங்கள் துறையில் பேச்சுதான் பரிசோதனை. வைத்தியர்களை நான் குறை சொல்லவில்லை. என் சிங்கள நண்பர் ஒருவர் நோயாளர் சொல்லும் தமிழ்ச் சொற்களை ஒரு கொப்பியில் எழுதி, பொருள் கேட்டுக் கேட்டுப் படித்தார். தனி மனிதரின் நல்ல மனத்தை மட்டும் நம்பி ஒரு சேவை நடக்க முடியாது. அரசியலமைப்பின் 1987ஆம் ஆண்டு 13ஆவது திருத்தத்தால் தமிழும் அரச கரும மொழி. தமிழில் சேவை கேட்பது உங்கள் உரிமை, சலுகை அல்ல.

தெஹிவளை வாசகர்: அப்படியானால் தமிழருக்குத் தனி வைத்தியசாலையா?

இல்லை. எல்லா உளநலப் பிரிவிலும் பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளர் ஒருவர் வேண்டும் என்கிறேன். கொழும்பில் வேலை செய்யும் மலையகப் பிள்ளைக்கும், தமிழ் பேசும் முஸ்லிம் தாய்க்கும் அவர் தேவை.

மட்டக்குளி வாசகர்: குளிசை எடுத்தால் தூக்கம் தூக்கமாக வருகிறது. நானே நிறுத்திவிட்டேன்.

வத்தளை வாசகருக்கான பதிலைப் படியுங்கள். நாளைக்கே கிளினிக்குக்குப் போங்கள். நேரத்தையோ அளவையோ மாற்றித் தருவார்கள்.

வெள்ளவத்தை வாசகி: தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று தோழியிடம் கேட்டால், நானே அதைத் தூண்டிவிடுவேனோ?

தூண்டாது. நேராகவே கேளுங்கள். பெரும்பாலும் கேட்டதுமே தோழியின் மனப்பாரம் இறங்கும். அவரைத் தனியே விடாதீர்கள். ஆபத்தான பொருள்களை எட்டாமல் வையுங்கள். 1995இல் இந்நாட்டில் ஒரு லட்சம் பேருக்கு 47 பேர் வரை தற்கொலையால் இறந்தார்கள். கொடிய பூச்சிநாசினிகளைத் தடைசெய்ததே அந்த எண்ணிக்கை பின்னர் விழுந்ததற்கு முக்கியக் காரணம். கைக்கு எட்டாவிட்டால் உயிர் தப்பும். 1926 என்ற உளநல உதவி இலக்கத்தை எந்நேரமும் அழைக்கலாம். போலீசுக்குப் பயப்பட வேண்டாம். தற்கொலை முயற்சி 1998 முதல் இங்கே குற்றமில்லை.

மருதானை வாசகர்: அங்கொடை என்றாலே அப்பா வரமாட்டேன் என்கிறார்.

அங்கே இருப்பது தேசிய மனநல நிறுவகம். வேறு அரச வைத்தியசாலைகளிலும் உளநல கிளினிக் உண்டு. அப்பாவுக்குப் பக்கத்தில் உள்ளதிலிருந்து தொடங்குங்கள்.

கிராண்ட்பாஸ் வாசகர்: சுகமாகிவிட்டேன், குளிசையை...

நிறுத்தாதீர்கள்.