போர்க்கால ஏர்ஃபீல்டு பத்தி நீங்க கேட்டதும் நான் சொல்றதும்

பிரிட்டன்ல ரெண்டாம் உலகப்போர் அப்போ கட்டிட்டு அப்புறம் கைவிட்ட விமானதளங்கள் பத்தி நிறைய பேர் கேட்டிருந்தீங்க, எல்லாத்துக்கும் இங்கயே பதில் சொல்லிடறேன்.

அண்ணா, சாட்டிலைட் மேப்ல கிழக்கு இங்கிலாந்து பக்கம் பாத்தா வயக்காட்டு நடுவுல இங்கிலீஷ் ஏ எழுத்து மாதிரி கோடு தெரியுது, அதுவும் பல இடத்துல ஒரே மாதிரி. ஏன்?

காத்து தான்பா காரணம். அந்தக் காலத்து விமானம் பக்கவாட்டுக் காத்துல இறங்க ரொம்ப சிரமப்படும், அதனால மூணு ரன்வேயை கிட்டத்தட்ட 60 டிகிரி வித்தியாசத்துல குறுக்கும் நெடுக்குமா போட்டுட்டா காத்து எந்தப் பக்கம் அடிச்சாலும் ஏதாவது ஒண்ணு தோதா அமைஞ்சிடும். 1942ல இதுக்கு 'கிளாஸ் ஏ'ன்னு ஒரு ஸ்டாண்டர்டே வந்துச்சு: மெயின் ரன்வே 2000 கஜம், மத்த ரெண்டும் 1400 கஜம், அகலம் 50 கஜம். இதைச் சுத்தி ஒரு வளைவான ரோடு போகும், பெரிமீட்டர் டிராக்னு சொல்லுவாங்க, அதுல இருந்து கிளை கிளையா பிரிஞ்சு விமானம் நிறுத்துற காங்கிரீட் திட்டுகள் இருக்கும். எல்லாத்தையும் ஒரே இடத்துல நிறுத்தினா ஒரு குண்டுல மொத்தமும் போயிடும்ல, அதான் தள்ளித்தள்ளி நிறுத்தினாங்க. என்னைக் கேட்டா ரன்வேயை விட இந்தத் திட்டுகளைத்தான் முதல்ல தேடணும், சண்டை நடந்த காலத்து பயம் அப்படியே அந்த அமைப்புல தெரியும்.

புல் தரையே போதாதா சார்? ஸ்பிட்ஃபயர் எல்லாம் புல்லுல தானே ஏறி இறங்குச்சு?

ஸ்பிட்ஃபயர் சின்ன சண்டை விமானம், அதுக்குப் போதும். ஆனா லங்காஸ்டர் மாதிரி பாம்பர், அதாவது பெரிய குண்டுவீச்சு விமானம், குண்டும் பெட்ரோலும் ஏத்தினா 30 டன் வரும், குளிர்கால ஈரத்துல சக்கரம் சேத்துல புதைஞ்சிடும். அதனால காங்கிரீட் கட்டாயம் ஆச்சு. 1942 உச்சத்துல சுமாரா மூணு நாளைக்கு ஒரு புது ஏர்ஃபீல்டுங்கிற வேகத்துல வேலை நடந்துச்சு, இதுல சிவில் கான்ட்ராக்டர்கள், அயர்லாந்துல இருந்து வந்த கூலியாட்கள், அமெரிக்க ராணுவ இன்ஜினியர்கள்னு எல்லாரோட உழைப்பும் இருக்கு. பைலட் பேரு எல்லாருக்கும் தெரியும், மழையில காங்கிரீட் கொட்டினவன் பேரை யாரும் சொல்றதில்ல, அது எனக்கு ரொம்ப வருத்தம்.

காங்கிரீட் போட நேரமில்லாத இடத்துல ஓட்டை போட்ட இரும்புத் தகடு, 10 அடி நீளம் 15 இஞ்ச் அகலம், ஒண்ணோட ஒண்ணு கொக்கி மாட்டி விரிச்சிடுவாங்க. பிரான்ஸ் நாட்டு நார்மண்டியிலயும் பசிபிக் தீவுகள்லயும் இது கைகொடுத்துச்சு.

பனிமூட்டம் வந்தா என்ன பண்ணாங்க?

நம்பவே மாட்டீங்க, ரன்வேயோட ரெண்டு பக்கமும் பைப் போட்டு பெட்ரோலை எரிச்சாங்க! அந்தச் சூட்டுல பனி விலகும். ஃபைடோன்னு பேரு, பிரிட்டன்ல 15 தளங்கள்ல இருந்துச்சு. ஒரு மணி நேரத்துக்கு லட்சக்கணக்கான லிட்டர் பெட்ரோல் போகும், போர்க்காலத் தட்டுப்பாட்டுலயும் அதைச் செலவழிச்சாங்கன்னா திரும்பி வர்ற பசங்க உயிருக்காகத் தான். உட்பிரிட்ஜ், கார்னபி, மான்ஸ்டன் மூணுலயும் அடிபட்டு வர்ற விமானத்துக்குன்னே 3000 கஜ நீளம், 250 கஜ அகலத்துக்கு ராட்சச ரன்வே இருந்துச்சு. பிரேக் இல்லாம, சக்கரம் இல்லாம வந்தாலும் இறங்கலாம்.

போலி ஏர்ஃபீல்டு கூட இருந்துச்சாமே?

ஆமா, எதிரி ஏமாந்து அங்க குண்டு போடட்டும்னு தான். பகலுக்கு டம்மி விமானம் நிறுத்தின 'கே' தளம், ராத்திரிக்கு வெறும் காட்டுல ரன்வே லைட்டு மட்டும் எரியிற 'க்யூ' தளம். கர்னல் ஜான் டர்னர் தலைமையில நடந்துச்சு, டம்மி விமானம் செஞ்சதுல சினிமா ஸ்டுடியோ ஆசாரிங்களும் உண்டு.

போர் முடிஞ்சதும் இதெல்லாம் என்ன ஆச்சு?

பெரும்பாலானது திரும்ப விவசாய நிலம் ஆயிடுச்சு, காங்கிரீட்டை உடைச்சு ரோடு போட எடுத்துட்டாங்க. சிலதுல ரன்வே மேலயே வான்கோழிப் பண்ணை ஷெட்டு நிக்குது. சில்வர்ஸ்டோன்ல வெலிங்டன் பாம்பர் பயிற்சி நடந்துச்சு, 1948லயே அங்க கார் ரேஸ் ஆரம்பிச்சிடுச்சு. ஸ்டான்ஸ்டெட் அமெரிக்கர்கள் கட்டினது, இப்போ பெரிய ஏர்போர்ட். டக்ஸ்ஃபோர்டு மியூசியம் ஆயிடுச்சு.

மத்த நாட்டுல?

சாலமன் தீவுகள்ல ஜப்பான் கட்ட ஆரம்பிச்சு 1942 ஆகஸ்ட்ல அமெரிக்கா பிடிச்ச ஹெண்டர்சன் ஃபீல்டு தான் இன்னைக்கு ஹொனியாரா ஏர்போர்ட். பசிபிக் கடல்ல இருக்கிற டினியன் தீவு நார்த் ஃபீல்டுல அணுகுண்டை விமானத்துல ஏத்தின குழிகளை இன்னும் பாதுகாத்து வச்சிருக்காங்க.

நேர்ல பாக்கப் போறேன் அண்ணா, எதைக் கவனிக்கணும்?

முதல்ல நிலத்துக்காரர்கிட்ட பர்மிஷன், ஏன்னா பாதிக்கு மேல தனியார் நிலம். மண்ணுல துருப்பிடிச்ச உலோகம் எது கிடந்தாலும் தொடாதீங்க, வெடிக்காத குண்டா இருக்கலாம், போலீஸுக்குச் சொல்லிடுங்க. எல்லாரும் கன்ட்ரோல் டவரை மட்டும் போட்டோ எடுத்துட்டுக் கிளம்பிடறாங்க, ஆனா ஆளுங்க தங்கின நிஸன் குடிசைகள், அதாவது அரைவட்டமா வளைச்ச தகரக் கொட்டகைகள், தளத்துல இருந்து தள்ளி கிராமத்துப் பக்கம் மரங்களுக்கு நடுவுல இருக்கும், அங்கயும் போங்க. கிளம்புறதுக்கு முன்னாடி ஹிஸ்டாரிக் இங்கிலாந்து ஆவணக்காப்பகத்துல 1946 வாக்குல ராயல் ஏர் ஃபோர்ஸ் மேல இருந்து எடுத்த படங்கள் இருக்கு, அதை இப்போதைய சாட்டிலைட் படத்தோட பக்கத்துல வச்சுப் பாருங்க, எந்த வேலி ஓரத்துல எது இருந்துச்சுன்னு அப்போ தான் பிடிபடும்.