கிளினிக் சாவி யாரிடம்?

கேள்வி: என் மகன் எம்.பி.பி.எஸ். முடித்து மூன்று வருஷமாக எங்கள் ஊரிலேயே கிளினிக் நடத்துகிறான். இப்போது ஒரு கட்சியில் சேர்ந்துவிட்டான். அடுத்த நாடாளுமன்றத் தேர்தலில் சீட் கேட்பானாம். நிலத்தை விற்றுப் படிக்க வைத்தோம். தடுப்பதா, விடுவதா?
- ஒரு தாய், அருப்புக்கோட்டை

பதில்: தடுத்தால் நிற்கிற வயதை உங்கள் பிள்ளை தாண்டிவிட்டார், அம்மா. ஆனால் அந்த ஆசை எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும்.

எண்பதுகளில் நான் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டராக இருந்தேன். ஐப்பசி பிறந்தால் போதும், ஒரே தெருவிலிருந்து வயிற்றுப்போக்கோடு வரிசையாக வருவார்கள். டிரிப் ஏற்றி அனுப்புவேன். இரண்டு வாரத்தில் அதே குழந்தை, அதே அம்மாவின் இடுப்பில் திரும்பி வரும். ஒருநாள் போய்ப் பார்த்தால், குடிநீர்க் குழாய் சாக்கடைக்குள் முழுகிக் கிடக்கிறது. நான்கு மனு எழுதினேன்; ஒன்றுக்கும் பதில் இல்லை. உள்ளாட்சித் தேர்தல் வந்தது. பத்தே நாளில் புதுக் குழாய். அடுத்த ஐப்பசியில் அந்தத் தெருவிலிருந்து ஒரு குழந்தைகூட வரவில்லை. அன்று ராத்திரி எனக்கும் உங்கள் மகனுக்கு வந்த ஆசை வந்தது. அரசு டாக்டர் வேலையை விடாமல் கட்சியில் சேர முடியாது. வீட்டில் கல்யாணத்துக்கு இரண்டு தங்கைகள். ஆசை அத்தோடு சரி.

டெல்லி கிருஷ்ணா நகரில் ஹர்ஷ் வர்தன் என்று ஒரு காது மூக்கு தொண்டை டாக்டர். 1993-ல் அங்கேயே எம்.எல்.ஏ. ஆகி, டெல்லியின் சுகாதார அமைச்சரும் ஆனார். 1994 அக்டோபர் 2 அன்று, மூன்று வயது வரையுள்ள பத்து லட்சத்துக்கும் அதிகமான குழந்தைகளுக்கு ஒரே நாளில் போலியோ சொட்டு மருந்து. மறு வருஷம் அது நாடு முழுக்கப் போனது. 2011-க்குப் பிறகு இந்தியாவில் இயற்கைப் போலியோ கிருமியால் ஒரு குழந்தைக்கும் கால் சூம்பவில்லை. கிளினிக்கிலேயே உட்கார்ந்திருந்தால் ஆயுசு முழுக்க எத்தனை காதுகளைப் பார்த்திருப்பார்?

மீதிக் கதையையும் சொல்ல வேண்டும். பின்னாளில் மத்திய சுகாதார அமைச்சரானார். கொரோனா இரண்டாம் அலை முடிந்ததும், 2021 ஜூலையில், பதவி போனது. 2024-ல் சீட் கிடைக்கவில்லை. அரசியலை விட்டு விலகுவதாக அறிவித்தபோது, கிருஷ்ணா நகரில் தன் கிளினிக் காத்திருப்பதாகச் சொன்னார். நான் அவர் கட்சிக்காரன் இல்லை. ஆனாலும், சீட் இல்லை என்று சொன்ன பிறகும் போவதற்கு ஒரு நாற்காலி இருந்ததே, அதைக் கவனித்தேன்.

மலேசியாவின் மகாதீர் முகமதுவும் அப்படித்தான். 1957-ல் அலோர் ஸ்டாரில் கிளினிக் திறந்தவர், ஏழு வருஷம் அந்த ஊர் நாடி பார்த்த பிறகே 1964-ல் எம்.பி. ஆனார். 1969-ல் ஆயிரத்துக்கும் குறைவான ஓட்டில் தோற்றார். பிரதமரை விமர்சித்துக் கடிதம் எழுதியதற்காகக் கட்சியிலிருந்தும் நீக்கினார்கள். வேறு பிழைப்பு இல்லாதவராக இருந்தால் காலில் விழுந்திருப்பார், இல்லை காணாமல் போயிருப்பார். இவருக்குக் கைத்தொழில் இருந்தது. 1972-ல் கட்சிக்குத் திரும்பி, 1981-ல் பிரதமரே ஆனார். பிரதமராகி அவர் செய்த எல்லாவற்றுக்கும் நான் கை தட்ட மாட்டேன், அது வேறு பேச்சு.

ஆகவே, மூன்று வருஷம் போதாது. உங்கள் மகனிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். கிளினிக்கை விற்கப் போகிறாரா? வேண்டாம். சாயந்திர ஓ.பி.யையாவது கூடப் படித்த ஒருவரிடம் ஒப்படைக்கட்டும். மெடிக்கல் கவுன்சில் பதிவையும் காலாவதியாக விடக் கூடாது. அடுத்து, பணம் யாருடையது? டெபாசிட் 25,000 ரூபாய்தான். ஆனால் நம் மாநிலத்தில் ஒரு வேட்பாளர் 95 லட்சம் வரை செலவு செய்யலாம் என்று தேர்தல் ஆணையமே வரம்பு வைத்திருக்கிறது. மிச்சமிருக்கும் நிலத்துக்கு அங்கே வேலை இல்லை. பத்திரத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் அவர் காதில் போடுங்கள். கிளினிக்கில் டாக்டர் சொன்னதுதான் கடைசி வார்த்தை. நாடாளுமன்றத்தில் கட்சிக் கொறடா சொன்னபடி ஓட்டுப் போடாவிட்டால் பதவியே போகலாம். 'இரண்டு வேளை, சாப்பாட்டுக்குப் பின்' என்று எழுதிப் பழகிய கைக்கு இது கொஞ்சம் கஷ்டம்.

கேள்வி: டாக்டர்கள் ஆட்சிக்கு வந்தால் ஈவிரக்கத்தோடு இருப்பார்கள், சரிதானே?
- வாசகர், கும்பகோணம்

பதில்: ஹைத்தி நாட்டில் பிரான்சுவா துவாலியே என்று ஒரு டாக்டர் இருந்தார். 1940-களில் யாஸ் என்ற தோல் நோய்க்கு ஊர் ஊராகப் போய் பென்சிலின் ஊசி போட்டவர். ஜனங்கள் 'பாப்பா டாக்' என்று கொண்டாடினார்கள். 1957-ல் அதிபரானார். எதிர்த்தவர்களை வேட்டையாட ஒரு அடியாள் படையே வைத்திருந்தார், 1971-ல் சாகும் வரை நாற்காலியை விட்டு எழவே இல்லை. ஊசி போட்ட கை அதே கைதான்.

கேள்வி: ஓட்டுக் கேட்க வரும் டாக்டர் வேட்பாளர் கழுத்தில் ஸ்டெதஸ்கோப் எதற்கு?
- வாசகி, தென்காசி

பதில்: எனக்கும் புரியவில்லை. அடுத்த முறை வந்தால் உங்கள் மாமியாருக்கு பி.பி. பார்க்கச் சொல்லுங்கள். கருவி கொண்டுவரவில்லை என்றால், உங்கள் வீட்டில் இருந்தால் எடுத்துக் கொடுங்கள்.