பழுதானது என்று சொல்லித்தான் விற்றேன். வாங்கியவர் பணத்தைத் திருப்பிக் கேட்டால் தர வேண்டுமா?

விளம்பரத்தில் என்ன எழுதினீர்கள் என்பதைப் பொறுத்தது. ஈபே (eBay) என்ற இணைய விற்பனைத் தளத்தில் 'உதிரி பாகங்களுக்கு மட்டும் அல்லது வேலை செய்யாதது' என்றொரு நிலை உண்டு. அதோடு 'திருப்பி எடுப்பதில்லை' என்றும் போட்டுவிட்டால் தப்பித்தோம் என்று பலர் நினைக்கிறார்கள். பொருள் விவரிப்புக்கு மாறாக இருக்கிறது என்று நிரூபணமானால் அந்த வரி செல்லாது. திருப்பி அனுப்பும் செலவும் உங்கள் தலையில்தான்.

எனவே வெறுமனே 'பழுது' என்று எழுதினால் போதாது. 'ஆன் ஆகவில்லை, திரையின் இடது மூலையில் விரிசல், உள்ளே திறந்து பார்க்கவில்லை' என்று எழுதுங்கள். எதைச் சோதித்தீர்கள், எதைச் சோதிக்கவில்லை என்பது தெரிய வேண்டும். ஏதாவது பாகத்தைக் கழற்றியிருந்தால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள், பெரும்பாலான சண்டை அதில்தான் கிளம்பும். 'சின்ன ரிப்பேர்தான், சரியாகிவிடும்' என்ற ஆறுதல் வேண்டவே வேண்டாம். பிறகு அதையே உங்களுக்கு எதிராகக் காட்டுவார்கள். சீரியல் எண் தெரியும்படி படமும் எடுத்து வையுங்கள். திருப்பி அனுப்பும்போது வேறு பொருளை மாற்றி அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள்.

புகார் வந்தால் ஈபேயில் 3 வேலை நாட்களுக்குள் பதில் சொல்ல வேண்டும். பேச்சு முழுவதும் தளத்தின் செய்திப் பெட்டியிலேயே நடக்கட்டும். தபால் செலவு பொருளின் விலையைத் தாண்டுமென்றால், எரிச்சலாக இருந்தாலும், பொருளை அவரையே வைத்துக்கொள்ளச் சொல்லிப் பணத்தைக் கொடுத்துவிடுவதே மேல் என்பேன்.